எப்போ கிளம்பலாம்? - வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு பதில்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், 33 வருஷம் மின் நிலையத்துல கண்ட்ரோல் ரூம் ஷிப்ட் பாத்துட்டு, இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்னு. அவ்ளோதான். இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல "ஏன் சார் வந்தீங்க, எப்படி முடிவு பண்ணீங்க, நான் எப்போ வரலாம்"னு இதே தான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: 29 வருஷமா ஐசியூ நர்ஸ், இப்போ இன்சார்ஜ். வயசு 56. 60 வரைக்கும் இருக்கலாம். மூணு வருஷமா "இந்த வருஷத்தோட போதும்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன், ஆனா லெட்டர் எழுத உக்காந்தா கை வரல. வீட்டுக்காரர் "உன் இஷ்டம்"னு ஒதுங்கிக்கறார். லீவுல இருந்தாலும் வார்டு ஞாபகமாவே இருக்கு. வேலைய இன்னும் நல்லாத்தான் பண்றேன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியான நேரம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சிஸ்டர், முதல்ல அந்த 60ங்கற நம்பர கொஞ்சம் ஓரமா வைங்க. இந்த மாதிரி நம்பரெல்லாம் யாரும் நம்ம உடம்ப டெஸ்ட் பண்ணிப் பாத்து எழுதினது இல்ல. ஜெர்மனியில பிஸ்மார்க் ஆட்சித் தலைவரா (சான்சலரா) இருந்த காலத்துல, 1889ல, முதியோர் பென்ஷன் சட்டம் வந்தப்போ வயசு 70னு வச்சாங்க, அப்புறம் 1916ல அத 65 ஆக்கினாங்க. விமான பைலட்டுங்களுக்கு சர்வதேச அளவுல 60னு இருந்த வரம்ப 2006 நவம்பர்ல 65 ஆக்கினாங்க, அதுக்காக அந்த மாசத்துல உலகத்துல இருக்கற பைலட்டுங்க உடம்பெல்லாம் அஞ்சு வருஷம் இளமையாகிடுச்சா என்ன. அந்த நம்பர் ஆபீஸோட வசதிக்கு இருக்கறது. 60 வரைக்கும் உங்கள வெளிய போகச் சொல்ல மாட்டாங்க, அது குடுக்கற தகவல் அவ்ளோதான், நீங்க 60 வரைக்கும் இருந்தே ஆகணும்னு அதுக்குள்ள எதுவும் எழுதல.

என் கதைய சொல்றேன், அப்புறம் உங்க விஷயத்துக்கு வரேன். கண்ட்ரோல் ரூம்ல பேனல் முழுக்க குட்டி குட்டி ஜன்னல் மாதிரி இருக்கும், ஏதாவது கோளாறுன்னா அந்த ஜன்னல் மினுக்கும், கூடவே பஸ்ஸர் அலறும். அக்னாலஜ் பட்டன அமுக்கினா பஸ்ஸர் நிக்கும். பஸ்ஸர் மட்டும் தான் நிக்கும், கோளாறு அங்கயே தான் இருக்கும். அதனால மொதல்ல படி, அப்புறம் அமுக்குன்னு தான் புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுப்போம், நானே ஒரு நூறு பசங்களுக்காவது சொல்லியிருப்பேன். ஒரு நாள் நைட் ஷிப்ட், மூணு மணி இருக்கும். பஸ்ஸர் அடிச்சுது, நான் அமுக்கினேன், லாக் புக்ல எழுத பேனாவ எடுத்தேன். என்ன அலாரம்னு எனக்குத் தெரியல! படிக்கவே இல்ல. கை முந்திக்கிச்சு, கண்ணு பின்னாடி வருது. பக்கத்துல இருந்த பையன் மெதுவா, என் முகத்தப் பாக்காம, "ஹீட்டர் லெவல் ஹை சார், நான் பாத்துட்டேன், ஆளு அனுப்பிட்டேன்"னான்.

ஒண்ணும் ஆகல. சின்ன விஷயம், பத்து நிமிஷத்துல சரியாகிடுச்சு. ஆனா எனக்கு அந்த அலாரத்த விட அந்தப் பையன் "நான் பாத்துட்டேன்"னு சொன்ன விதம் தான் தூங்க விடல. அது பழகின குரல். அப்போ இது முதல் தடவ இல்ல. எவ்ளோ நாளா அவன் எனக்குப் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டு இருக்கான்னு யோசிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அவன தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "நான் நல்லா பாக்கறேனாடா"ன்னு கேக்கல, அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் ஆமான்னு தான் சொல்லுவாங்க. "எந்த வேலைய என்கிட்ட விட நீ யோசிப்ப"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கிட்டு, "மூணு மணிக்கு மேல யூனிட் ஸ்டார்ட் பண்ற மாதிரி வந்தா, சார்..."னு இழுத்தான். எனக்கு அது போதுமா இருந்துச்சு. அன்னைக்கே லெட்டர் குடுக்கல, அதுக்கு அப்புறம் ஒரு பதினாலு மாசம் வேலை பாத்தேன். ஆனா கிளம்பற தேதி அன்னைக்கே மனசுல விழுந்துடுச்சு.

எல்லாரும் நீங்க நல்லா பண்றீங்கன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த எல்லாரையும் விட்டுடுங்க சிஸ்டர். நீங்க கையப் பிடிச்சு வேலை கத்துக்குடுத்த ஒரே ஒரு பொண்ணக் கூப்பிட்டு இந்தக் கேள்வியக் கேளுங்க. அவ உடனே சிரிச்சுட்டு "ஒண்ணுமே இல்ல சிஸ்டர்"னா நிம்மதியா இருங்க. யோசிச்சான்னா அந்த யோசனை எவ்ளோ நீளம்னு கவனிங்க.

இன்னொண்ணு, களைப்பு வேற, முடிஞ்சு போறது வேற. ரெண்டும் உள்ள இருந்து பாத்தா ஒரே மாதிரி இருக்கும், அது தான் தொல்லை. களைப்பா இருக்கறவங்க ரிடையர் ஆகிட்டா ஆறு மாசத்துல தேறிடுவாங்க, தேறினதுக்கு அப்புறம் "அய்யோ ஏன்டா வந்தோம்"னு உக்காந்திருப்பாங்க. அதனால லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி சேத்து மூணு வாரம் லீவு போடுங்க, ரெண்டு நாள் மூணு நாள் லீவெல்லாம் இதுக்கு உதவாது. முதல் வாரம் தூங்குவீங்க. ரெண்டாவது வாரம் கை கால் ஓடாது, வீட்டுல எல்லாரையும் அதட்டுவீங்க. மூணாவது வாரம் தான் விஷயம். திரும்பி டூட்டிக்குப் போகப் போற நாளுக்கு முந்தின ராத்திரி வயித்துல என்ன பண்ணுதுன்னு பாருங்க. லீவுல வார்டு ஞாபகமாவே இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது எந்த ஞாபகம்னு எழுதல பாத்தீங்களா. அந்த எட்டாம் பெட் ஆள் எப்படி இருக்காரோன்னு வர்ற ஞாபகமா, இல்ல தூக்கத்துல மானிட்டர் சத்தம் கேட்டு திடுக்குனு எழுந்துக்கற ஞாபகமா? முதல்து பாசம், ரெண்டாவது பாரம்.

அப்புறம், வேலைய ஒரே மூட்டையா பாக்காதீங்க. ரேமண்ட் கேட்டல்னு ஒரு மனவியல்காரர் அறிவ ரெண்டா பிரிச்சார். புதுசா ஒண்ணு வந்தா சட்டுன்னு பிடிச்சு தீர்க்கற வேகம் ஒண்ணு, வருஷக்கணக்கா சேத்து வச்ச அனுபவ அறிவு இன்னொண்ணு. வேகம் நடு வயசுக்கு முன்னாடியே மெதுவா இறங்க ஆரம்பிச்சுடும். சேமிப்பு அப்படி இல்ல, அறுபது தாண்டியும் பெரும்பாலும் நல்லாத்தான் நிக்கும். உங்க வேலையில ரெண்டுமே கலந்து கிடக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேஷண்டுக்கு பிரஷர் இறங்கறது வேகத்தோட வேலை. பாத்த உடனே "இவர் முகம் சரியில்ல, டாக்டரக் கூப்பிடு"ன்னு சொல்றது சேமிப்போட வேலை. மொத்தமா விடறதுக்கு முன்னாடி நைட் டூட்டிய மட்டும் விட முடியுமா, டிரெய்னிங் பக்கம் போக முடியுமான்னு கேட்டுப் பாருங்க. ஐம்பதுக்கு மேல நைட் ஷிப்ட்ல இருந்து உடம்பு மீளறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகுது, இத யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல, நான் அனுபவிச்சிருக்கேன். நைட்ட விட்ட உடனே உங்களுக்கு வேலை மேல மறுபடி ஆசை வந்தா, பிரச்சினை தூக்கத்துல தான் இருந்திருக்கு. அப்பவும் வரலன்னா தேதி குறிங்க.

தேதி குறிக்கறதுன்னா நிஜமாவே குறிக்கறது, காலண்டர்ல, பேனாவால. "இந்த வருஷத்தோட"ன்னு சொல்றது தேதி இல்ல, அதான் மூணு வருஷமா ஓடிட்டு இருக்கு. பத்து பதினஞ்சு மாசம் தள்ளி ஒரு நாள். வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் "உன் இஷ்டம்"னா விடாதீங்க, அந்த நாள்ல இருந்து அவரோட காலையும் மாறப் போகுதுல்ல. ஒரு கெட்ட வாரத்துல மட்டும் குறிக்காதீங்க. ஒரு பேஷண்ட் போனதுக்கு அடுத்த நாள், மேனேஜ்மெண்ட்டோட சண்டை போட்ட அன்னைக்கு, இதெல்லாம் வேண்டாம். நல்லா ஓடின ஒரு வாரத்தோட முடிவுல உக்காந்து குறிங்க. நல்ல வாரத்துலயும் போகணும்னு தோணுச்சுன்னா அதுல கோவமோ வருத்தமோ கலக்கலன்னு நம்பலாம்.

கேள்வி: சேல்ஸ்ல 30 வருஷம், வயசு 54. லோன் எல்லாம் முடிஞ்சுது, பசங்க செட்டில். இவ்ளோ சேந்தா நிறுத்திடலாம்னு ஒரு தொகை வச்சிருந்தேன், அது சேந்துடுச்சு. அப்புறம் கொஞ்சம் ஏத்தினேன், அதுவும் வந்துடுச்சு. இப்போ மூணாவதா ஒண்ணு வச்சிருக்கேன். எவ்ளோ இருந்தா போதும்?

சார், டார்கெட் அடிச்ச உடனே டார்கெட்ட ஏத்தற மேனேஜர பத்தி இந்த 30 வருஷத்துல நீங்க என்னெல்லாம் பேசியிருப்பீங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. இப்போ அந்த ஆளு நீங்க தான்.

கணக்கு கேட்டீங்க, சொல்றேன். 1994ல வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் பழைய வருஷக் கணக்கையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தார். முதல் வருஷம் கைல இருக்கறதுல 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டி எடுத்தா, 30 வருஷத்துக்குப் பணம் தாங்கிச்சுன்னு சொன்னார். அதத் திருப்பிப் போட்டா வருஷச் செலவோட 25 மடங்கு. எல்லாரும் இந்த 25ஐ வேத வாக்கு மாதிரி சொல்றாங்க, ஆனா அது அமெரிக்க பங்கும் பாண்டும் வச்சுப் போட்டது, அதுவும் 30 வருஷத்துக்கு. நீங்க 54ல கிளம்பினா 40 வருஷம் கூட ஓட வேண்டியிருக்கலாம், அதனால 30 மடங்கு, 33 மடங்குன்னு வச்சுக்கறது தப்பில்ல. உங்க ஊர் விலைவாசி வேகமா ஏறுதுன்னா இன்னும் கவனமா இருக்கணும். 72ஐ விலைவாசி ஏறற சதவீதத்தால வகுத்துப் பாருங்க, 6 சதவீதம்னா 12 வருஷத்துல செலவு டபுள். இன்னைக்கு ஒரு ரூபா செலவு உங்களுக்கு 66 வயசுல ரெண்டு ரூபா, 78ல நாலு, 90ல எட்டு. இந்த ஒரு வரிய வீட்டுல கண்ணுல படற இடத்துல எழுதி ஒட்டுங்க.

மொத்தத் தொகைய விட எனக்குப் பயமா இருக்கறது முதல் அஞ்சு வருஷம் தான். 100 வச்சிருக்கீங்க, கிளம்பின வருஷமே சந்தை 30 விழுந்துடுச்சு, 70 ஆச்சு. சும்மா இருந்தா பழைய இடத்துக்கு வர 43 சதவீதம் ஏறினா போதும். ஆனா நீங்க சாப்பிடணுமே, 5 எடுத்தீங்க, 65. இப்போ 54 சதவீதம் ஏறணும். அதே விழுகை பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்தா இவ்ளோ அடிக்காது. அதனால ரெண்டு மூணு வருஷச் செலவ சந்தைக்கு வெளிய, தொட்டா வர்ற இடத்துல வைங்க. அது இருந்தா ராத்திரி தூக்கம் வரும்.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணு சொல்றேன், உங்க பிரச்சினை பணம் இல்ல. இன்னும் ஒரு வருஷம் வேலை பாத்தா அந்த வருஷம் எதை வாங்கித் தருதுன்னு எழுதுங்க. 31 மடங்கு 32 ஆகும், அவ்ளோதான? அந்த வருஷத்த விட்டா எது போகுதுன்னும் எழுதுங்க. முழங்கால் நல்லா இருக்கற ஒரு வருஷம். 54ல இருக்கற முழங்கால 70ல எந்த பேங்க்லயும் எடுக்க முடியாது. தொகை, கடன் இல்லாம இருக்கறது, மருத்துவச் செலவுக்கு ஏற்பாடு, மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்க. மூணும் டிக் ஆன பிறகு மாத்தற அதிகாரம் அவங்களுக்கு மட்டும் தான்னு வைங்க. எனக்கென்னமோ நீங்க திங்கக்கிழமை காலைல போன் அடிக்காத வீட்ட நினைச்சுத் தான் பயப்படறீங்கன்னு தோணுது. அதுக்கு மூணாவது தொகையும் பத்தாது, முப்பதாவதும் பத்தாது.

கேள்வி: ரிடையர் ஆனவங்க சீக்கிரம் போய்ச் சேந்துடுவாங்களாமே, நிஜமா?

சீக்கிரமா வேலைய விடறவங்கள்ல ஏற்கனவே உடம்பு முடியாதவங்க நிறைய பேர் இருப்பாங்க. நல்லா இருக்கறவங்க தொடர்ந்து வேலைக்குப் போவாங்க. ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வேலையே ஆயுச நீட்டிக்கிற மாதிரி தெரியும். இத ஹெல்தி வொர்க்கர் எஃபெக்ட்னு சொல்லுவாங்க. ஆபீஸ் டீக்கடை பேச்ச நம்பி இன்னும் பத்து வருஷம் வேலை பாக்காதீங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் சர்ஜன், 35 வருஷ அனுபவம், வயசு 63. சில மாசமா பேனா பிடிக்கும்போது கை லேசா நடுங்குது. நான் மட்டும் தான் கவனிச்சிருக்கேன்னு நினைக்கிறேன். ரிடையர் ஆகுங்கன்னா ரெண்டு நாள் பேச மாட்டேங்கறார். எப்படிச் சொல்றது?

அம்மா, இந்தக் கடிதத்த மூணு தடவ படிச்சேன். முதல்ல, நீங்க மட்டும் தான் கவனிச்சிருக்கீங்கன்னு நினைக்காதீங்க, தியேட்டர்ல அவர் பக்கத்துல நிக்கற நர்ஸ் உங்களுக்கு முன்னாடியே பாத்திருப்பாங்க. என் ஷிப்ட் பையன் மாதிரி.

"ரிடையர் ஆகுங்க"ன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய கேட்ட உடனே அவர் காதுல விழறது "உங்களால முடியல"ங்கறது தான். நடுக்கத்த மட்டும் பேசுங்க. கை நடுங்கறதெல்லாம் வயசு தான்னு இல்ல, தைராய்டு இருக்கலாம், சாப்பிடற மாத்திரை இருக்கலாம், குடும்பத்துல வர்ற நடுக்கம்னு ஒண்ணு இருக்கு, சிலதுக்கு மருந்தே இருக்கு. இது அவருக்கு உங்கள விட நல்லாத் தெரியும், தெரிஞ்சும் போய்க் காட்டாம இருக்கார்னா அவரும் பயந்து போயிருக்கார்னு அர்த்தம். நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க, அதுக்கு அப்புறம் நான் இத எடுக்கவே மாட்டேன்னு சொல்லுங்க. ஆனா ஒரு நிபந்தனை, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பெரிய கேஸ் எடுக்க வேண்டாம்னு கேளுங்க. இது உங்க ரெண்டு பேர் விஷயம் மட்டும் இல்ல, டேபிள்ல படுத்திருக்கறவர் விஷயம். அவர் ஒத்துக்கலன்னா அவர் மதிக்கற சீனியர் ஒருத்தர் காதுல நீங்க போட்டே ஆகணும். கஷ்டம் தான். அவருக்குத் தெரிஞ்சா கோவிப்பார். பரவால்ல.

பைலட்டுக்கு 65ல சட்டம் கதவ சாத்திடுது, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. டாக்டருக்கு பல இடங்கள்ல அப்படி ஒரு கதவு இல்ல, அதனால அந்தப் பொறுப்பு மனைவி தலையில விழுது, இது நியாயமே இல்ல. அவருக்கு ஒரு விஷயம் சொல்லிப் பாருங்க, 2013 பிப்ரவரியில போப் பதினாறாம் பெனடிக்ட், 85 வயசுல, உடம்புலயும் மனசுலயும் பலம் குறைஞ்சுடுச்சு, இந்தப் பொறுப்புக்கு இது பத்தாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு அந்த மாசக் கடைசியிலயே இறங்கினார். அதுக்கு முன்னாடி ஒரு போப் பதவிய விட்டது 1415ல. சாகற வரைக்கும் இருக்கறது தான் வழக்கம்னு இருந்த நாற்காலி அது. அவரே கைய நீட்டி "முடியல"ன்னு சொன்னதால யாரும் அவர வெளிய போகச் சொல்ல வேண்டி வரல. உங்க வீட்டுக்காரருக்கு அந்த வாய்ப்பு இப்போ இருக்கு, ஒரு கேஸ் தப்பா போச்சுன்னா இருக்காது. கத்திய வச்சுட்டாலும் 35 வருஷமா கண்ணு பாத்தது எங்கயும் போகாது, யாருக்கு ஆபரேஷன் வேணும், யாருக்கு வேண்டாம்னு சொல்ற ஆளு கத்தி பிடிக்கற ஆள விட அரிது.

கேள்வி: லெட்டர் குடுத்தாச்சு, இன்னும் மூணு வாரம் தான் இருக்கு. இப்போ வாபஸ் வாங்கிடலாமான்னு இருக்கு.

எல்லாருக்கும் வரும். எனக்கு பத்தொன்பது நாள் இருக்கும்போது வந்துச்சு. லெட்டர் குடுத்தப்போ இருந்த காரணத்துல ஏதாவது மாறியிருக்கான்னு மட்டும் பாருங்க. காரணம் அப்படியே இருந்து உங்களுக்கு பயம் மட்டும் புதுசா வந்திருந்தா வாபஸ் வாங்காதீங்க.

கேள்வி: கடைசி நாள் விழாவுல எவ்ளோ நேரம் பேசலாம்?

நாலு நிமிஷம். அதுக்கு மேல போனா பின்னாடி இருக்கறவங்க போன எடுத்துடுவாங்க. நான் ரெண்டு பக்கம் எழுதி மடிச்சு பாக்கெட்ல வச்சிருந்தேன். முதல் பத்தி கூட முடியல, உள்ள பஸ்ஸர் அடிச்சுது. பாதிப் பேர் எழுந்து ஓடிட்டாங்க. நானும் ரெண்டு அடி வச்சேன், அப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு, மத்தியானமே லாக் புக்ல ஒப்படைச்சு கையெழுத்துப் போட்டாச்சு. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன், வந்தவங்க கிட்ட என்னன்னு கேக்கக் கூடாதுன்னு கௌரவமா இருந்துட்டேன். ராத்திரி பத்து மணிக்குத் தாங்கல, அந்தப் பையனுக்கு போன் பண்ணிட்டேன். "அதே ஹீட்டர் லெவல் தான் சார், தூங்குங்க"ன்னான்.